ஓர்ப்படி கட்டிய நாஷ்டா

தேவயானி அலாரம் வைத்துக்கொண்டதே இல்லை. கல்யாணமாகி வந்த இந்தப் பதினான்கு வருடமும் விடியற்காலை நாலு மணிக்கு அவள் கண் தானாகத் திறந்துகொள்ளும். சாலவாக்கம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையை ஒட்டிக் கால்மணி நேரம் நடந்தால் வருகிற காலனியில் முதலில் விளக்கு எரிகிற வீடு அவளுடையது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரர்கள் மணி நாலு ஆகிவிட்டதென்று புரண்டு படுப்பார்கள்.

வீட்டில் மாமியார் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் காலையில் கிளம்புகிறவர்கள். புருஷன் கலைச்செல்வன் கல்குவாரி லாரி ஓட்டுகிறவன், ஆறரை மணிக்குப் புறப்பட வேண்டும். மாமனார் முனிரத்தினம் ஒரு மனைப்பிரிவில் காவல்காரர். கொழுந்தன் டேனியல் வயரிங் வேலைக்குப் போகிறவன். மகள் தமிழ்ச்செல்வி ஏழாவது படிக்கிறாள். தேவயானிக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டுகிற வேலை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பெனி வேன் காலனி முனைக்கு வந்துவிடும்.

அதற்குள் அவள் நாலு ஈடு இட்லி எடுத்துவிடுவாள். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, கலைச்செல்வனுக்கு மட்டும் சாம்பார். செவ்வாயும் வெள்ளியும் பூரிக்கிழங்கு. முனிரத்தினம் எட்டு இட்லி சாப்பிடுவார், கடைசி இரண்டைச் சர்க்கரை தொட்டு. அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. "அந்த ரெண்டு மட்டும் கண்டுக்காத மா" என்பார். தேவயானி கண்டுகொள்ள மாட்டாள். தன் கையால் ஒருவர் ஆசையாகச் சாப்பிடுவதை எப்படித் தடுப்பது?

அவள் மட்டும் சாப்பிட மாட்டாள். நேரம் இருக்காது. வேன் டீக்கடையில் நிற்கும்போது ஒரு டீ, ஒரு பன். பதினோரு மணி வாக்கில் நெஞ்சு எரியும். அதற்குக் கைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை.

சில நாள் மாவு புளித்துப்போகும், கரண்ட் இருக்காது, அவளுக்கே காய்ச்சலாக இருக்கும். அன்றைக்குத் தமிழ்ச்செல்விக்கு நூடுல்ஸ், மற்றவர்களுக்குக் கடைப் பூரி. சாயந்திரம் டேனியல் வந்து, "இன்னா அண்ணி, உன் இட்லி இல்லாம நாஷ்டா பண்ண மாரியே இல்ல" என்பான். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே மாவு இன்னொரு நாள் புளிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

போன வைகாசியில் டேனியலுக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஓரிக்கை. நிஷா என்று பெயர், இருபத்து நாலு வயது. உத்திரமேரூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு மணி டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். வந்த புதிதில் விடியற்காலையே சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்றாள்.

"நான் எதனா செய்யட்டாக்கா?"

"புதுப்பொண்ணு நீ, போய்ப் படு. நான் பாத்துக்கினுதான கீறேன்" என்றாள் தேவயானி.

எதிர்வீட்டில், "எப்பேர்ப்பட்ட ஓர்ப்படி பாரு, புதுசா வந்தவள அடுப்பாண்ட விட மாட்டேங்குது" என்று மெச்சினார்கள். ஓர்ப்படி என்ன நினைத்து அப்படிச் சொன்னாள் என்பது ஓர்ப்படிக்குத்தான் தெரியும். அந்த அடுப்பை வேறு கை தொடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆவணி மாதத்தில் கம்பெனியில் ஷிப்ட் மாற்றினார்கள். தேவயானிக்கு இரண்டு மாதம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். வேன் நாலே முக்காலுக்கே வந்துவிடும். மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். கலைச்செல்வன் சிரித்தான்.

"மூணு மணி இட்லிய ஆறு மணிக்கு யாரு துன்றது? வுடு. நிஷா பாத்துக்கும்."

"அவளுக்கு இன்னா தெரியும்? கொயந்தப்பொண்ணு."

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் நிஷா. "எங்கம்மா ஆஸ்பத்திரில கூட்டிப் பெருக்கற வேல. அஞ்சு மணிக்கே போயிரும். பத்து வயசுலேந்து எனக்கும் தம்பி தங்கச்சிக்கும் நான்தான் நாஷ்டா பண்ணுவேன்."

தேவயானி மாவுப் பாத்திரத்தையும் சட்னிக்கு உடைத்த தேங்காயையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மனதுக்குள் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரு வாரம் தாங்காது, இட்லி கல்லாக இருக்கும், சட்னி தண்ணீராக இருக்கும், நாலு பேரும் தன்னைத் தேடுவார்கள் என்று நினைத்தாள். வேனில் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் தேடுவதை எண்ணிப் பார்த்தாள். அது தூக்கத்தை விட நன்றாக இருந்தது.

முதல் நாள் சாயந்திரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவளே மகளைக் கேட்டாள்.

"காலைல இன்னாடி துன்ன?"

"பச்சப்பயறு சுண்டல், ஒரு முட்ட, கொய்யாப்பயம்."

"இட்லி?"

"சித்தி இட்லி சுடல மா. நைனாவுக்கு கூழு, மோர் ஊத்தி. தாத்தாவுக்கு கொஞ்சமா கூழு, நெறையா சுண்டலு."

"வயிறு நெறஞ்சிதா ஒனக்கு?"

தமிழ்ச்செல்வி யோசித்துப் பார்த்துச் சொன்னாள். "நெறஞ்சிச்சி. மொத பீரியட்ல தூக்கம் வரல மா. பூரி துன்னா எனக்கு தூக்கம் தூக்கமா வரும்."

பூரி சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று இத்தனை வருடத்தில் அந்தப் பெண் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுதான் அதற்கு வாய் வந்ததோ என்று தேவயானிக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. ஆனால் டேனியலும் நிஷாவும் சர்ச்சுக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால் அன்றும் நிஷாவே செய்தாள். தேவயானி பாயில் உட்கார்ந்தபடி, தலைமுடியைச் சிக்கெடுக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஷா ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். முகம் கழுவி, தலை வாரி, முந்தின நாள் பூவில் மிச்சம் இருந்ததைச் செருகிக்கொண்டு வந்தாள். இரவே ஊறப் போட்டிருந்த கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்தாள். அதன் மேல்தட்டில் ஆறு முட்டை. இரவே கிளறி வைத்திருந்த கேழ்வரகுக் கூழைக் கையால் கரைத்து மோர் விட்டாள். சின்ன வெங்காயம் நறுக்கினாள். விசில் வந்தது. தேவயானி செல்போனில் மணி பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம். நிஷா தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, எல்லோரோடும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதுதான் தேவயானியால் தாங்க முடியவில்லை. அப்படி உட்கார்ந்து சாப்பிட்டது. பதினான்கு வருடத்தில் காலை நேரத்தில் அவள் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது எப்போது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"இன்னா இது, நோயாளி சாப்பாடு மாரி" என்று மட்டும் சொன்னாள். எல்லோர் வாயிலும் கடலை இருந்தது.

மாதம் ஒருமுறை கீதா வீட்டுக்கே வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். சுகாதாரத் துறையில் வேலை, பக்கத்து ஊர்க்காரி. போன மாதம் முனிரத்தினத்துக்குச் சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு. இந்த மாதம் ஒரு சாயந்திரம் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, கருவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நூத்தி எழுபத்தொண்ணு. இன்னா பெரியவரே, காலைல இன்னா சாப்பிடறீங்க?"

முனிரத்தினம் வரிசையாகச் சொன்னார். எட்டு இட்லி நின்றுபோனதையும், சர்க்கரை தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனதையும் கொஞ்சம் சோகமாகவே சொன்னார்.

"யாரு செஞ்சி குடுக்கறது?"

"சின்ன மருமவ."

"நல்ல பொண்ணு. கெட்டியா புடிச்சிக்கோங்க. மாத்திரையும் வுட்டுடாதீங்க" என்றாள் கீதா. பிறகு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தேவயானியிடம் திரும்பி, "நீயும் கத்துக்கோ தேவயானி, ஒனக்கும் வேல மிச்சம்" என்றாள்.

தேவயானி கையிலிருந்த பாவாடையை இரண்டு முறை பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்ததுதான். நீயும் கத்துக்கோ. அப்படியென்றால் இத்தனை நாள் மாமனாருக்கு அவள் கொடுத்தது என்ன, விஷமா? நாலு மணிக்கு எழுந்து, கண் எரிய எரிய, ஆவியில் கை வெந்து, எட்டு இட்லி எடுத்து வைத்தது அவரைக் கெடுக்கத்தானா? அன்று இரவு நிஷா ஏதோ கேட்டதற்கு அவள் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் காலை நாலு மணி பத்து நிமிடம் இருக்கும். வேனுக்குப் புடவை கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் தண்ணீர் குடிக்கப் போனாள். மேடையில் எவர்சில்வர் தூக்கில் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. நன்றாக உப்பி, ஒவ்வொன்றும் விரல் நுனி அளவுக்கு. தேவயானி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கோழிகள் மேய்கிற சுவரோரத்தில் கொட்டினாள். தூக்கைக் கழுவித் துடைத்து, பரணில் கவிழ்த்து வைத்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அன்று முழுவதும் அவள் கை ஒயரைக் கட்டியது. மனம் வீட்டில் இருந்தது. நிஷா ஆறு மணிக்கு வந்து பார்க்கிறாள், தூக்கு காலி. கலைச்செல்வன் கத்துகிறான். முனிரத்தினம் வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டுக்கொண்டு தலை சுற்றி உட்காருகிறார். அந்த இடம் வந்ததும் தேவயானிக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. அவரை அதிலிருந்து நீக்கிவிட்டு மற்றவர்களை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் வழக்கம் போல இருந்தது. தமிழ்ச்செல்விதான் சொன்னாள்: "சித்தி இன்னிக்கி கோதும ரவைல காய்லாம் போட்டு உப்புமா பண்ணுச்சி மா. கடல ஊறப் போட மறந்துட்சாம்."

"மறந்துட்டேன்னு அவளே சொன்னாளா?"

"ஆமா. நைனா கூட, வயசானா இன்னா ஆவியோன்னு கிண்டல் பண்ணுச்சி."

அவ்வளவுதான். கொட்டிய கடலைக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போய்விட்டது. தேவயானிக்கு வெட்கமாக இருந்தது, அதை விட அதிகமாக ஆத்திரமாக இருந்தது. கடலை இல்லாவிட்டால் இன்னொன்று, அதுவும் பத்து நிமிடத்தில். இவளை எதைக் கொண்டு மடக்குவது?

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் டப்பா வந்தது. விடியற்காலையில் அவள் கைப்பைக்குப் பக்கத்தில், மூடி இறுக்கிய ஒரு சின்ன டப்பா. மேலே ஒரு ஸ்பூன், ரப்பர் பேண்டு போட்டு. நிஷா இரவே கட்டி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள். தேவயானி அதை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எடுத்துக்கொள்ளாமல் போனால் கலைச்செல்வன் கேட்பான், ஏன் என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டாள்.

வேனில் அவளுக்குப் பக்கத்து இருக்கை ஆண்டாளம்மாளுடையது. கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற பிரிவு, ஐம்பது வயதுக்காரி, தனியாக இருப்பவள். தேவயானி டப்பாவை அவள் மடியில் வைத்தாள்.

"நீ துன்னும்மா. எனக்கு வேணாம்."

"இன்னாது?"

"யாருக்குத் தெரியும். என் ஓர்ப்படி கட்டினது."

ஆண்டாளம்மாள் திறந்தாள். ஊறிய சிவப்பு அவல், அதில் வேர்க்கடலை, துருவிய கேரட், தேங்காய், எலுமிச்சை. அவள் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். டீக்கடை வந்தது. டீயும் பன்னும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பன் காய்ந்து கிடந்தது.

சாயந்திரம் நிஷா கேட்டாள். "எப்டிக்கா இருந்துச்சி?"

"ம். நல்லாதான் கீது."

"கேரட்டு புடிக்குமா ஒனக்கு?"

"புடிக்கும், புடிக்கும்."

இப்படியாக அது ஒரு வழக்கம் ஆயிற்று. நிஷா தினமும் கட்டுவாள். தேவயானி தினமும் ஆண்டாளம்மாளுக்குக் கொடுப்பாள். திரும்பும்போது கம்பெனிக் குழாயில் டப்பாவைக் கழுவி எடுத்து வருவாள். நிஷா எப்படி இருந்தது என்று கேட்பாள் என்பதால், ஆண்டாளம்மாளை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இன்னிக்கி இன்னா இருந்துச்சி அதுல?"

"கம்பு அடை, எள்ளு தொவையல். அடடா, அந்த எள்ளு கீதே, அதுல பூண்டு சுட்டு வெச்சி அரைச்சிக்கீது" என்று ஆண்டாளம்மாள் கண்ணை மூடிச் சொல்வாள். தேவயானி அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து வீட்டில் ஒப்பிப்பாள்: "பூண்டு சுட்டு அரைச்சிருந்த இல்ல, அது நல்லா கீது." நிஷாவின் முகம் மலர்ந்துவிடும். மறுநாள் டப்பா இன்னும் கொஞ்சம் நிரம்பி வரும்.

இரண்டு வாரத்தில் வேன் முழுக்க நிஷாவின் பெயர் தெரிந்துவிட்டது. பின்சீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கி இன்னா கட்டிக்கீது உன் ஓர்ப்படி?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போகிற பெண் இவ்வளவு செய்கிறாளே என்று ஒருத்தி, எப்படி ஊறப் போடுவது என்று இன்னொருத்தி. ஒரு காலத்தில் அதே வேனில் தேவயானி கொண்டுவருகிற மதியத் தக்காளிச் சாதத்துக்குப் போட்டி இருந்தது. இப்போது அதை யாரும் கேட்கவில்லை. நிஷாவின் கியாதியை வீட்டிலிருந்து சுமந்து வந்து ஊரெல்லாம் பரப்புகிறவள் தானே என்பது தேவயானிக்குப் புரிந்தது. ஆனால் டப்பாவைத் தான் சாப்பிடுவது என்றால் அது தோற்றுப்போவது மாதிரி இருந்தது.

ஆண்டாளம்மாள் ஒருநாள் சொன்னாள்: "பத்து மணிக்கெல்லாம் கை காலு நடுங்கும் தேவயானி எனக்கு. இப்ப இல்ல. படி ஏறனா கூட மூச்சு வாங்கல. எல்லாம் இந்த டப்பாதான்."

தேவயானிக்குப் பதினோரு மணி நெஞ்செரிச்சல் நெருப்பாக இருந்த நாள் அது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, ஆண்டாளம்மாள் வாளியோடு படியேறிப் போவதைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு ஆண்டாளம்மாள் மீதும் பொறாமை வந்துவிட்டது.

புரட்டாசி பிறந்து சில நாளில் ஒரு வியாழக்கிழமை. அன்று ஆண்டாளம்மாள் லீவு, டப்பா பின்சீட்டுப் பெண்களுக்குப் போயிற்று. தேவயானி வீட்டுக்கு வந்தபோது நிஷா வழக்கத்தை விடச் சீக்கிரம் வந்திருந்தாள். சமையல்கட்டில், விளக்குப் போடாமல், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தேவயானி கழுவிய டப்பாவை மேடையில் வைத்தாள். நிஷா எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"ஆண்டாளம்மான்னு ஒருத்தங்க கடைக்கு வந்தாங்கக்கா. உத்திரமேரூர் பக்கமா வந்தாங்களாம். கடைல என் பேர கூப்பிட்டத கேட்டு, நான் யாருன்னு தெரிஞ்சி என் ரெண்டு கையும் புடிச்சிக்கினாங்க."

தேவயானி டப்பாவை எடுத்து மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"அந்த எள்ளுத் தொவையல் நல்லா கீதுன்ன. அத துன்னியா நீ? அவலு? மொளகட்டின பயறு? ஒருநாள், ஒரே ஒருநாள், தொறந்தாவது பாத்தியா?"

"தொறக்கல."

"ஒனக்குன்னு கட்டனேன்க்கா. வேற யாருக்கோ கட்டல. ஒனக்கு கேரட்டு புடிக்கும்னு சொன்னியேன்னு பஸ்ஸ வுட்டு எறங்கி வாங்கினு வந்தேன்." நிஷாவின் குரல் உடைந்தது. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதான. ஏன் என்ன வெச்சி வெளையாடற?"

தேவயானிக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம். பிறகு அதற்குள்ளிருந்து வேறொன்று வந்தது.

"நீ ஆறு மணிக்கி எய்ந்து வர. தல வாரி, பூ வெச்சிக்கினு வர. பன்னெண்டு நிமிசம். நான் மணி பாத்தேன். பன்னெண்டு நிமிசத்துல முடிச்சிட்டு தட்ட எடுத்துக்கினு ஒக்காந்துடற. மாமாவுக்கு சுகர் கொறையுது. புள்ளைக்கு தூக்கம் வரல. அவரு வயிறு லேசா கீதுன்றாரு. எல்லாம் ஒன்னாலதான்." அவள் மூச்சு வாங்கினாள். "நான் பதினாலு வருசம் நாலு மணிக்கி எய்ந்தேன் நிஷா. ஒருநாள் ஒக்காந்து துன்னதில்ல. அது இன்னாத்துக்கு? நீ சொல்லு. பன்னெண்டு நிமிசத்துல ஆவறதுன்னா நான் எய்ந்தது இன்னாத்துக்கு?"

நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"கடலய கொட்டனதும் நான்தான்" என்றாள் தேவயானி.

"தெரியும்."

"எப்டி?"

"சுவத்தோரம் கெடந்துச்சி. கோழிங்க பாதிதான் துன்னுச்சிங்க. மிச்சத்த நான்தான் பெருக்கி எடுத்தேன்."

"தெரிஞ்சா மறந்துட்டேன்னு சொன்ன?"

"சொன்னா ஒன் வூட்டுக்காரரு ஒன்ன கத்துவாரு. அப்பால நீ என்ன இன்னும் வெறுப்ப." நிஷா கொஞ்சம் தயங்கினாள். "எங்கம்மா அஞ்சு மணிக்கி வெறும் வயித்தோட போயிட்டு வரும்போதெல்லாம் இப்டித்தான். கண்டதுக்கும் எரிஞ்சி வியும். துன்னாதான் அடங்கும். அக்காவும் ஒண்ணும் துன்னாம போவுதே, அதான் போலன்னு நெனச்சேன். அதான் டப்பா கட்டனேன்."

தேவயானிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு விளக்கைப் போட்டாள். தன் பொறாமை முழுவதையும் இந்தப் பெண் பசி என்று நினைத்துவிட்டாளே என்று அவமானமாக இருந்தது. அது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அன்று இரவு நிஷா டப்பா கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வேனில் ஆண்டாளம்மாள் அவள் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் தனக்கும் ஒரு பன் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமையும் டப்பா இல்லை. ஞாயிறு இரவு, நிஷா பயறு கழுவிக்கொண்டிருக்கும்போது, தேவயானி பக்கத்தில் வந்து நின்றாள். கேட்பதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது.

"நாளைக்கி எனக்குக் கட்டுவியா?"

"துன்னுவியா?"

"துன்றேன்."

திங்கட்கிழமை வேன் சாலவாக்கத்தைத் தாண்டியதும் தேவயானி மூடியைத் திறந்தாள். ஒரு கம்பு அடை, நாலாக மடித்து. ஒரு முட்டை. கொஞ்சம் முளைப்பயறு. ஆண்டாளம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், இருபத்து நாலு நாள் தேவயானி உட்கார்ந்தது போலவே. தேவயானி மெதுவாகச் சாப்பிட்டாள். ஏதாவது குறை இருக்காதா என்று வாய்க்கு வாய் தேடிக்கொண்டே சாப்பிட்டாள். இல்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. அடையில் கால் பங்கைப் பிய்த்து ஆண்டாளம்மாளிடம் நீட்டினாள். அவள் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு நெஞ்செரிச்சல் வந்தது. ஆனால் பாதிதான். அந்த வாரக் கடைசியில், வழக்கமாகக் காலியாகிவிடுகிற அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது.

ஐப்பசியில் அவளுக்கு மறுபடி பொது ஷிப்ட் வந்தது. காலையில் அடுப்பு யாருக்கு என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. இரண்டு மூன்று நாள் இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு தானாக ஒரு வழி ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவயானியின் இட்லி. முனிரத்தினத்துக்கு மூன்று, சர்க்கரை டப்பா அவர் கைக்கு எட்டாத இடத்தில். மற்ற நாளெல்லாம் நிஷா ஊறப் போட்டது. தேவயானிக்கு இன்னும் நாலு மணிக்குக் கண் திறந்துகொண்டது. எழ வேண்டாம் என்று தெரிந்தும் பாயில் படுத்திருப்பது முதல் வாரம் ஒரு தண்டனை மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் திறந்த கண் மறுபடி மூடிக்கொண்டது. எழுந்து பார்த்தால் மணி ஐந்தரை.

ஆனால் சும்மா இருக்க அவள் கைக்கு வரவில்லை. நிஷா வேகவைத்த கடலையை அவள் எடுத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம் போட்டுத் தாளித்தாள். கூடுதலாக மூன்று நிமிடம். வீடு முழுக்க மணந்தது. டேனியல் பல் துலக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். தட்டில் ஒரு கை போட்டு வாயில் வைத்தவன், தலையை ஆட்டினான்.

"இத்தினி நாளா துன்னதும் சுண்டல்தான், இதுவும் சுண்டல்தான். அண்ணி கை பட்டா தனிதான், இன்னா சொல்ற?"

அவன் கேட்டது நிஷாவை. நிஷா தமிழ்ச்செல்விக்கு டப்பா மூடிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு மூடியைத் தேவைக்கு மேல் அழுத்தி மூடினாள். அவள் முகத்தைத் தேவயானி பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்து, எங்கும் பார்க்காமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். கீதா வந்த அன்று துணி பிழிந்துகொண்டு நின்றபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது. இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் விட்டது போல இருந்தது. ஒரு நிமிடம் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாணலியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ராத்திரியே நெனப்பா ஊறப் போட்டவ அவ" என்றாள் டேனியலிடம். "கடல ஊறலன்னா நான் இன்னாத்த தாளிக்கறது? கடுகயா?"

டேனியல் சிரித்துக்கொண்டு துண்டைக் கொடியில் போடப் போனான். நிஷா நிமிர்ந்து பார்த்தாள். அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது. கரண்டியால் கொஞ்சம் சுண்டலை எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டு, வாயில் வைத்து, நிதானமாக மென்றாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா கீதுக்கா" என்றாள்.

தேவயானி தானும் எடுத்து வாயில் போட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"ஆமா, கொஞ்சம் தூக்கல்தான்" என்று சொல்லிவிட்டு, தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு, வேன் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதென்று பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்தாள்.